பெரைரா என்ற பெயரும் சிவப்புக் கேடயமும்: அப்பா கல்லறையில் செதுக்கலாமா?

முத்துநகர்_மகள் | செவ்வாய், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். அப்பா தவறி வருகிற நவம்பரோடு ஒரு வருஷம். கல்லறைத் திருநாளுக்குள் கல் வைத்துவிட வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். கனடாவில் இருக்கும் என் அண்ணன் இணையத்தில் காசு கட்டி "பெரைரா குடும்பச் சின்னம்" என்று ஒன்றை வாங்கி அனுப்பியிருக்கிறான். அதைக் கறுப்பு கிரானைட்டில் அப்பா பெயருக்கு மேலே செதுக்க வேண்டுமாம்.

தாள் என் முன்னால்தான் இருக்கிறது. ஓரமெல்லாம் தீயில் கருகினது போல அச்சடித்த கெட்டித்தாள். நடுவில் சிவப்புக் கேடயம், அதில் வெள்ளிச் சிலுவை. சிலுவையின் நான்கு முனையும் லீலிப்பூ மாதிரி மூன்றாகப் பிரிந்து சுருண்டிருக்கிறது. சிலுவையின் உள்பக்கம் வெறுமை. அந்த இடைவெளி வழியாகவும் சிவப்புதான் தெரிகிறது. மேலே இரும்புத் தலைக்கவசம், சுற்றிலும் இலை போல மடிந்த துணி. கீழே "பெரைராக்கள் பழமையான பிரபுக் குலத்தவர்" என்று நாலு வரி.

கல் செதுக்கும் மேஸ்திரியிடம் காட்டினேன். "இது எந்தக் கோவில் சின்னம்மா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அம்மாவோ, "உங்க அப்பா உயிரோட இருந்தவரைக்கும் இதைக் கண்ணால பார்த்ததில்லையே" என்கிறார்கள். அப்பா தோணித் தண்டல். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்குத் தோணி ஓட்டியவர்.

இந்தச் சின்னம் உண்மையா? உண்மை என்றால் நமக்கு உரியதா?

மணப்பாட்டு_வாத்தியார் | செவ்வாய், இரவு 10.55

மகளே, முதலில் பெயர் நம்மிடம் வந்த கதையைச் சொல்கிறேன். சின்னத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் பின்னால் வருவார்கள்.

1530களில் முத்துக்குளித்துறையில், அதாவது நம் பரதவர் வாழும் தூத்துக்குடிக் கடற்கரையில், பெரிய தகராறு. முத்துக்குளிப்பும் அதன் வியாபாரமும் யார் கையில் என்பதுதான் அடிப்படை. அப்போது ஜோவான் த குரூஸ் என்றொரு குதிரை வியாபாரி நம் பக்கம் வந்தார். மலையாளக் கரையைச் சேர்ந்தவர், போர்த்துகலுக்கே போய் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பியவர். போர்த்துகீசியரின் பாதுகாப்பைக் கேளுங்கள் என்று அவர்தான் நம் ஊர்த்தலைவர்களான பட்டங்கட்டிகளுக்கு யோசனை சொன்னார். நம் ஆட்கள் கொச்சிக்குப் போனார்கள். 1536, 1537 ஆண்டுகளில் ஊர் ஊராக ஞானஸ்நானம் நடந்தது, சுமார் 20,000 பேர் என்று சொல்வார்கள். சவேரியார் வந்தது அதற்குப் பிறகு, 1542இல்.

ஞானஸ்நானத்தில் ஒரு கிறிஸ்தவப் பெயர் வைக்க வேண்டும். கூடவே ஞானத்தகப்பனாக நின்ற போர்த்துகீசியரின் குடும்பப் பெயரோ, தண்ணீர் ஊற்றிய சாமியாரின் பெயரோ, கப்பல் தலைவரின் பெயரோ ஒட்டிக்கொள்ளும். பர்னாந்து, மோத்தா, கோமஸ், வாஸ், மச்சாடோ, கர்வாலோ, மிராண்டா, கொரைரா, லோபோ, கோஸ்தா எல்லாம் பெரும்பாலும் இப்படி வந்த பெயர்கள்தான். கோவாவிலும் இதே முறைதான். அங்கே ஒரே வீட்டு அண்ணன் தம்பிகளுக்கு வேறு வேறு ஞானத்தகப்பன் அமைந்து, வேறு வேறு குடும்பப் பெயர் விழுந்ததும் உண்டு.

ஆகவே பெரைரா என்ற பெயர் ரத்தத்தின் வழியாக வந்ததில்லை, தண்ணீரின் வழியாக வந்தது. எனக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அவர்கள் எவ்வளவோ முயன்றும் நம் மக்கள் கத்தோலிக்கத்தை விடவில்லை, பெயரையும் விடவில்லை. கொடுத்தவன் கப்பலேறிப் போன பிறகும் 350 வருஷத்துக்கு மேல் நாம் வைத்துக் காப்பாற்றிய பெயர் அது. இப்போது அது நம்முடையதுதான்.

லிஸ்பன்_தமிழன் | புதன், காலை 6.15

வாத்தியார் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டு சின்னத்துக்கு வருகிறேன். இங்கே ஆறு வருஷமாக வேலை பார்க்கிறேன், இந்த விஷயத்தில் எனக்குப் பைத்தியக்காரத்தனமான ஈடுபாடு உண்டு. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, உங்கள் தாளில் இருப்பது பொய்ச் சின்னம் கிடையாது. சிவப்புத் தரையில், முனைகள் பூத்த, உள்ளீடற்ற வெள்ளிச் சிலுவைதான் போர்த்துகலின் பெரைரா பிரபு வம்சத்துச் சின்னம். 1385இல் அல்ஜுபரோட்டா போரில் காஸ்டிலியப் படையை (இன்றைய ஸ்பெயின் பக்கத்து அரசு) தோற்கடித்த நூனோ ஆல்வரேஸ் பெரைரா இந்த வம்சத்தவர். கடைசிக் காலத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, லிஸ்பனில் தான் கட்டிய கார்மேல் மடத்திலேயே துறவியாகச் சேர்ந்தார், 1431இல் இறந்தார். 2009இல் திருத்தந்தை பதினாறாம் ஆசீர்வாதப்பர் அவரைப் புனிதராக அறிவித்தார். அவர் மகள் வழியில் வந்ததுதான் பின்னாளில் போர்த்துகலை ஆண்ட பிரகான்சா அரச வம்சம்.

பெயரின் பொருள் ரொம்ப எளிமை. பெரா என்றால் பேரிக்காய், பெரைரா என்றால் பேரிமரம். வடக்கே பேரிமரம் நின்ற ஏதோ ஒரு பண்ணைக்கு அந்தப் பெயர், பண்ணையை உடையவருக்கும் அதே பெயர். நம் ஊரில் ஆலங்குளம், புளியங்குடி மாதிரி. பேரிமரம் நின்ற இடமோ நாடு முழுக்க இருந்தது. ஆகவே பிரபுவும் பெரைரா, அவர் குதிரைக்காரனும் பெரைரா, சம்பந்தமே இல்லாத கிராமத்துச் செருப்புத் தைப்பவரும் பெரைரா.

கேடயச் சின்னம் ஒருபோதும் ஒரு பெயருக்குச் சொந்தமாக இருந்ததில்லை, குறிப்பிட்ட ஆளுக்கும் அவர் வழிவந்தவர்களுக்கும்தான் சொந்தம். தலை முழுக்க இரும்பை மாட்டிக்கொண்டு போர்க்களத்தில் நிற்பவனை யார் என்று கண்டுபிடிக்கக் கேடயத்தில் எழுதிய அடையாளம்தானே அது? பிறகு அரசர்கள் அதை ஒழுங்குபடுத்தினார்கள், பட்டயம் கொடுத்தார்கள், உரிமையில்லாதவர் பயன்படுத்தக் கூடாது என்றார்கள். இங்கிலாந்தில் 1484இல் தொடங்கிய சின்னக் கல்லூரி இன்றைக்கும் இதையே சொல்கிறது: குடும்பப் பெயருக்கென்று சின்னம் கிடையாது. இணையத்தில் விற்பவர்கள் பட்டியலில் பெயரைத் தேடி, அந்தப் பெயரில் எவருக்கோ இருந்த சின்னத்தை அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

போன வசந்தத்தில் சிந்த்ரா அரண்மனைக்குப் போயிருந்தேன். சின்னங்களின் மண்டபம் என்று ஓர் அறை. மனுவேல் அரசர் 1510களில் கட்டியது. அண்ணாந்து பார்த்தால் பொன்முலாம் பூசிய கூரையின் உச்சியில் அரசரின் சின்னம், சுற்றி அவர் பிள்ளைகளுடையவை, அதற்கும் கீழே வரிசை வரிசையாக மான்கள். ஒவ்வொரு மானும் ஒரு பிரபுக் குடும்பத்தின் கேடயத்தைத் தாங்குகிறது. மொத்தம் 72 குடும்பங்கள். பெரைராவின் சிவப்பும் அங்கே இருக்கிறது, நானே கழுத்து வலிக்கத் தேடிப் பார்த்தேன்.

அதில் ஒன்று அழிக்கப்பட்ட கேடயம். தாவொரா குடும்பத்துடையது. 1758 செப்டம்பரில் யோசே அரசரைச் சுட்டார்கள், அவர் பிழைத்துக்கொண்டார். பழி தாவொராக்கள் மேல் விழுந்தது. 1759 ஜனவரியில் பெலேம் என்ற இடத்தில் குடும்பத் தலைவரையும் அவர் மனைவியையும் பிள்ளைகளையும் கொடூரமாகக் கொன்றார்கள். தாவொரா என்ற பெயரை இனி யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று தடை. சிந்த்ரா கூரையில் இருந்த சின்னத்தையும் சுரண்டிவிட்டார்கள். அந்த வழக்கை முன்னின்று நடத்திய அமைச்சர் யார் தெரியுமா? செபஸ்தியான் யோசே த கர்வாலோ. நம் ஊர் கர்வாலோ பெயர்தான்! பின்னாளில் பொம்பால் பிரபு ஆனவர். சின்னத்தைக் கொடுத்ததும் அரசன், பிடுங்கியதும் அரசன். நம் மூதாதையர் யாரும் அந்த மண்டபத்தில் கால் வைத்திருக்க வழியில்லை.

ரூபன்_ரோச்பூங்கா | புதன், காலை 11.20

லிஸ்பன் அண்ணன் சொல்வது சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருக்கிறது. நானும் பெரைராதான், அந்தச் சிலுவையை மோதிரத்தில் போட்டிருக்கிறேன். நாம் 480 வருஷமாக அந்தப் பெயரோடு வாழ்கிறோம். போர்த்துகலில் இருக்கிற செருப்புத் தைப்பவர் பெரைராவுக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை, சரி. ஆனால் 1910இல் அங்கே குடியரசு வந்து பிரபுப் பட்டங்களையே ஒழித்துவிட்டார்களே. இன்றைக்கு யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

இன்னொன்று. ஆப்பிரிக்காவில் கொங்கோ அரசருக்குப் போர்த்துகல் அரசர் கேடயச் சின்னம் கொடுத்திருக்கிறார் என்று படித்தேன். அப்படியென்றால் நம் சாதித்தலைவருக்கும் கொடுத்திருக்கலாம் இல்லையா?

லிஸ்பன்_தமிழன் | புதன், மதியம் 2.05

தம்பி, மோதிரத்தைக் கழற்றச் சொல்லவில்லை. நீங்கள் சொல்வது போலச் சட்டம் இன்று யாரையும் தடுக்காது. அக்கா கேட்டது வேறு கேள்வி. கல்லில் வெட்டினால் "இவர் அந்த வம்சத்துக்காரர்" என்று அது சொல்லும். நூறு வருஷம் கழித்து வருகிற கொள்ளுப்பேரன் அதைத்தான் நம்புவான்.

கொங்கோ கதை உண்மை, அருமையான உதாரணமும்கூட. 1512இல் மனுவேல் அரசர், ஞானஸ்நானம் பெற்றிருந்த கொங்கோ அரசர் அபோன்சுவுக்குச் சின்னம் அனுப்பினார். சிவப்புத் தரையில் வாள் பிடித்த ஐந்து கைகள், மேலே வெள்ளிச் சிலுவை, கீழே உடைந்த சிலைகள். அவருக்காகவே புதிதாக வரைந்தது. வேறு யாருடைய சின்னத்தையும் எடுத்துக் கொடுக்கவில்லை. கொடுப்பதென்றால் அப்படித்தான் கொடுப்பார்கள்: பட்டயம், பெயர், படம் எல்லாம் இருக்கும். பெரைராவின் சிலுவையைத் தூத்துக்குடிப் பெரைராக்களுக்குக் கொடுத்ததாக ஒரு பட்டயமும் கிடையாது.

நீர்கொழும்பு_மீனாள் | புதன், மாலை 5.30

இங்கே இலங்கையிலிருந்து ஒரு சொல். எங்களிடம் உங்கள் பெரைரா "பெரேரா" ஆகிவிட்டது. கிறிஸ்தவர் மட்டுமில்லை, பௌத்த வீடுகளிலும் பெரேராவும் சில்வாவும் பர்னாந்தும் நிறைய. ஆனால் எங்கள் பக்கத்துக் கடற்கரையில் முன்னால் இன்னொரு பெயரும் இருக்கும். வர்ணகுலசூரிய, குருகுலசூரிய, மிஹிந்துகுலசூரிய என்று குலத்துப் பெயர், அதற்குப் பின்னால் பர்னாந்து. முன்னையது தலைமுறை தலைமுறையாக வந்தது, பின்னையது ஞானஸ்நானத்தில் வந்தது. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறோம். பர்னாந்துவோடு பிள்ளை சேர்ந்து பர்னாந்துப்பிள்ளை என்றொரு குடும்பப் பெயரும் இங்கே உண்டு. லிஸ்பனில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் விளங்காது.

தங்கச்சி, உங்கள் தகப்பன் வீட்டுக்குப் பழைய பட்டப்பெயர் ஏதும் இருந்ததோ? கேட்டுப் பாருங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

மணப்பாட்டு_வாத்தியார் | புதன், இரவு 8.10

மீனாள் அம்மா நல்ல இடத்தில் தொட்டார்கள். நம் பக்கமும் பூபாலராயர், வில்லவராயர், கலிங்கராயர் என்று தமிழ்ப் பட்டங்கள் ஞானஸ்நானத்துக்குப் பிறகும் மறையவில்லை. "விருது" என்ற சொல்லையே பாருங்கள். இன்றைக்கு மேடையில் கொடுக்கும் பரிசு என்றாகிவிட்டது. அந்தக் காலத்தில் ஒருவரின் சிறப்பைக் காட்டும் கொடி, சின்னம், பட்டம் எல்லாமே விருதுதான். போர்த்துகீசியன் கேடயத்தில் எழுதியதை நாம் கொடியில் எழுதினோம். பாண்டியனுக்கு மீன், சோழனுக்குப் புலி, சேரனுக்கு வில். அடையாளம் இல்லாமல் இருந்த கூட்டம் நாம் இல்லை. ரூபன் தம்பிக்காகவும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

கொரைரா_வீட்டு_மருமகள் | வியாழன், காலை 7.45

லிஸ்பன் அண்ணா, மற்ற பெயர்களுக்கும் பொருள் சொல்லுங்களேன். நான் பிறந்தது பர்னாந்து வீட்டில், வாழ்க்கைப்பட்டது கொரைரா வீட்டில். என் அம்மா வீடும் பர்னாந்து, அப்பா வீடும் பர்னாந்து, ஆனால் இரண்டு வீட்டுக்கும் முன்பின் உறவே கிடையாது. ஒருமுறை ரயிலில் ஒருவர், மரம் பெயர் வைத்திருப்பவர்கள் எல்லாம் யூதர்களாக இருந்து மதம் மாறினவர்கள் என்று அடித்துச் சொன்னார். அது உண்மையா?

லிஸ்பன்_தமிழன் | வியாழன், காலை 9.30

மரப் பெயர் விஷயம் இங்கேயும் எல்லோர் வாயிலும் இருக்கிறது. 1497இல் போர்த்துகல் யூதர்களைக் கட்டாயப்படுத்தி ஞானஸ்நானம் கொடுத்தார்கள், அது உண்மை. அவர்களும் நம்மைப் போலவே ஊரில் புழங்கிய பெயர்களை எடுத்துக்கொண்டார்கள், அதில் பெரைராவும் இருந்தது. ஆனால் அதற்கு நூறு வருஷம் முன்னாலேயே அல்ஜுபரோட்டாவில் ஒரு பெரைரா படை நடத்திவிட்டாரே. மரப் பெயரை வைத்து ஒருவரின் பூர்வீகத்தைச் சொல்ல முடியாது.

பர்னாந்து போர்த்துகலில் குடும்பப் பெயரே கிடையாது, ஆளுக்கு வைக்கும் பெயர். பர்னாந்துவின் மகன் பர்னாந்தஸ், ரொட்ரிகோவின் மகன் ரொட்ரிகஸ், லோப்போவின் மகன் லோப்பஸ். கடைசியில் வரும் "எஸ்" மகன் என்று காட்டும். நம் இனிஷியல் மாதிரிதான், அங்கே அது உறைந்து குடும்பப் பெயர் ஆகிவிட்டது. எத்தனை பர்னாந்துக்களுக்கு எத்தனை மகன்கள் இருந்திருப்பார்கள்? "பர்னாந்து குடும்பச் சின்னம்" என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரர் பெயர் எனக்கு ரொம்பப் பிடித்தது. நம் கொரைரா அங்கே கொரையா, அதற்குத் தோல்வார் என்று பொருள். அந்தப் பிரபுக்களின் கேடயத்தில் பொன் தரையில் சிவப்பு வார்கள் குறுக்கும் நெடுக்குமாக, பின்னிய கட்டில் மாதிரி ஓடும். பெயரைப் படமாகவே வரைந்துவிடுவது அங்கே பெரிய வழக்கம். மச்சாடோ என்றால் கோடரி, சிவப்பில் ஐந்து கோடரிகள். 1147இல் சாந்தரேம் கோட்டைக் கதவைக் கோடரியால் பிளந்தவர் வழி வந்தவர்கள் என்று அவர்கள் சொல்லும் கதை. லோபோ என்றால் ஓநாய், வெள்ளியில் ஐந்து கறுப்பு ஓநாய்கள். கோஸ்தா எல்லாவற்றிலும் வேடிக்கை. அந்தச் சொல்லுக்குக் கடற்கரை என்றும் பொருள், விலா எலும்பு என்றும் பொருள். கேடயம் வரைந்தவர்கள் எலும்பைப் பிடித்துக்கொண்டார்கள், சிவப்பில் ஆறு வெள்ளி விலா எலும்புகள்! நம் கோஸ்தாக்களுக்குக் கரை என்ற பொருளே போதும்.

பெரைராவின் கேடயத்தில் பேரிமரம் இல்லை. கர்வாலோ என்றால் கருவாலி மரம், அதிலும் மரம் இல்லை, நீலத்தில் நான்கு பிறைகளும் நடுவில் பொன் நட்சத்திரமும்தான்.

முத்துநகர்_மகள் | ஞாயிறு, மாலை 4.20

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. மீனாள் அக்கா சொன்ன அன்றே பெரியத்தையைப் போய்ப் பார்த்தேன். 84 வயது. எங்கள் வீட்டுக்குப் பட்டம் எதுவும் நினைவில்லை என்றார்கள். ஆனால் தாத்தாவின் அப்பா தூத்துக்குடிக்காரரே இல்லை, புன்னைக்காயலில் இருந்து வந்தவர் என்றார்கள். இது எனக்குப் புதுசு.

நேற்று அங்கே பங்குச்சாமியாரிடம் அனுமதி கேட்டு ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்தோம். துணியில் கட்டி வைத்திருந்தார்கள். தாள் அப்பளம் போல இருந்தது, சாமியார்தான் பக்கத்தைத் திருப்பினார். லத்தீனில் எழுதியிருந்ததை அவரே படித்துச் சொன்னார். கொள்ளுத்தாத்தாவின் பெயர் கிடைத்துவிட்டது! சவேரியான், பக்கத்தில் பெரைரா. இரண்டு பக்கம் தள்ளி அவருடைய தம்பியின் பதிவு. அதே அப்பா, அதே அம்மா, ஆனால் பெரைரா என்ற சொல்லே இல்லை, வெறும் பெயர் மட்டும். இருவருக்கும் ஞானத்தகப்பன் ஒருவரே, ஒரு மோத்தா. அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். அப்பா கூட இருந்திருக்க வேண்டும்.

படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். அவனுக்கு இன்னும் கேடயத்தின் மேல் ஆசைதான். "இத்தனை வருஷம் தூரத்துல இருந்தேன், அப்பாவுக்குப் பெருசா ஏதாவது செய்யணும்டி" என்று அழுதுவிட்டான். அந்தத் தாளைச் சட்டம் போட்டு அவன் வீட்டில் மாட்டிக்கொள்ளட்டும் என்று சொல்லியிருக்கிறேன். கல்லில் வேண்டாம் என்பதில் அம்மாவும் நானும் ஒன்று.

கல்லில் அப்பா பெயர், பெரைரா முழுசாக, பூர்வீகம் புன்னைக்காயல், அப்புறம் "தோணித் தண்டல்". மேலே சிலுவை, அதன் கீழே சின்னதாக ஒரு தோணி. அம்மாதான் தோணி வேண்டும் என்றார்கள். மேஸ்திரி கப்பல் படம் ஒன்றைக் காட்டினார், ஏதோ ஐரோப்பியப் பாய்க்கப்பல். நம் தோணியின் படம் யாரிடமாவது இருக்கிறதா?

ரூபன்_ரோச்பூங்கா | ஞாயிறு, மாலை 6.00

அக்கா, என் சித்தப்பா பழைய துறைமுகத்தில் தோணி கட்டும் இடத்தில் 30 வருஷம் வேலை பார்த்தவர். அவரிடம் கருப்பு வெள்ளைப் படங்கள் இருக்கின்றன, பாய் விரித்த நிலையில். நாளைக் காலை ஸ்கேன் பண்ணி அனுப்புகிறேன். மேஸ்திரியிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். பாயைப் பின்னால் இருந்து காற்று தள்ளுகிற மாதிரிதான் போட வேண்டும். பலர் அதைத் தப்பாகப் போட்டுவிடுகிறார்கள் என்று சித்தப்பா சொல்வார்.

முத்துநகர்_மகள் | ஞாயிறு, மாலை 6.12

அனுப்புங்கள் தம்பி. வியாழக்கிழமைதான் கல் வெட்டத் தொடங்குகிறார்கள். உங்கள் சித்தப்பாவையும் ஒரு எட்டு மேஸ்திரி பட்டறைக்கு வரச் சொல்ல முடியுமா? அப்பாவை அவருக்குத் தெரிந்திருக்கும்.

ரூபன்_ரோச்பூங்கா | ஞாயிறு, மாலை 6.30

கேட்டுவிட்டேன். தெரியுமாம். கொழும்பு சுங்கத்தில் ஒரே மேசையில் காத்திருந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார்களாம். வியாழன் காலை 9 மணிக்கு வந்துவிடுவார்.